எடை ஏறினால் தேறியதாகுமா?

"பிள்ளை நல்லா தேறியிருக்கானே" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னால் போதும், பெற்றவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கன்னம் உப்பவில்லையென்றால் பிள்ளை நோஞ்சான், "சோறு போடுறீங்களா இல்லையா?" என்று கேள்வி வரும். சதைதான் ஆரோக்கியம் என்ற இந்த நம்பிக்கை, பஞ்சத்தில் அடிபட்ட தலைமுறைகள் விட்டுச்சென்றது. அன்று அதற்கு நியாயம் இருந்தது. இன்று அது நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கெடுக்கிறது.

நம் உடம்பின் சங்கதியே வேறு. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதையும் யாக்னிக் குழுவின் ஆய்வு காட்டியது. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு, ஒல்லியாக இருக்கிறானே என்று இனிப்புப் பொடியைப் பாலில் கலந்து கலந்து கொடுக்கிறோம். ஓடியாடாத உடம்பில் அது தசையாகாது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது. குண்டான பிள்ளைக்கோ வேறு சமாதானம்: வளர்ந்தால் கரைந்துவிடும். பலருக்குக் கரைவதில்லை. வகுப்பில் 'குண்டு' என்று பட்டப்பெயர் விழுந்ததும் அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. அந்தக் கொடுமையைச் செய்பவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

பிள்ளையின் திடத்தைத் தராசு சொல்லாது. கேலோ இந்தியா திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை உண்டு: ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், எத்தனை முறை தடுமாறுகிறார்கள் என்று எண்ணுவார்கள். நான்காம் வகுப்பு முதல் 600 மீட்டர் ஓட்டம். ஒல்லியோ குண்டோ, உங்கள் பிள்ளையை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதுதான் உண்மையான மதிப்பெண்.

ஓட எங்கே விடுகிறோம்? 5 வயது முதல் 17 வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளிகளில் பி.டி. பீரியட் வந்தால் கணக்கு டீச்சர் சிலபஸ் முடிக்க வாங்கிக்கொள்கிறார். 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரை ஆறாம் வகுப்பிலிருந்துதான் கேட்கிறது, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். எலும்பும் தசையும் பழகவேண்டிய முதல் ஐந்து வகுப்புகளுக்கு யாரும் இல்லை. அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

பெற்றோரே, அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் முன், இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது என்று கேளுங்கள்.