தன் தடம், தன் கடிகாரம்

கனடாவில் வசிக்கும் என் தமக்கையின் மகன் மோட்டார் கார்ப் பித்தன். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, "மாமா, பேப்பரில முப்பது வருசத்துக்கு மேல இருந்தனீங்கள். மூண்டிலயும் எது வேகமானது எண்டு ஒரு வரியில சொல்லுங்கோ பாப்பம்" என்றான்.

அவன் கேட்டது மக்லாரன் பீ-1, போர்ஷே 918 ஸ்பைடர், லாபெராரி ஆகிய மூன்று ஹைபிரிட் ஹைப்பர் கார்களைப் பற்றி. மூன்றும் 2013 ஆம் ஆண்டில் சில மாத இடைவெளிகளில் உலகுக்கு வந்தவை. பெற்றோல் எஞ்சினுடன் மின் மோட்டாரையும் சேர்த்து, பந்தயக் காரின் வேகத்தை வீதிக் காருக்குள் கொண்டுவந்தவை. பரிசுத்த திரித்துவம் என்றே இரசிகர்கள் அவற்றுக்குப் பெயர் சூட்டினர். பத்தாண்டுகள் கடந்தும் எது வேகமானது என்ற கேள்வி ஓயவில்லை.

ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்றேன். தொழில்நுட்பச் சிக்கல் அதற்குக் காரணம் அல்ல. ஒரே தடத்தில், ஒரே சாரதியை அமர்த்தி, ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தால் ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடக்கூடிய கேள்வி இது. அந்தப் பிற்பகல் உரிய காலத்தில் வராமற் போனதுதான் விடயம்.

முதலில் கார்களைப் பார்ப்போம். போர்ஷேயில் 4.6 லீற்றர் வீ-8 எஞ்சினும் இரு மின் மோட்டார்களும் சேர்ந்து 887 குதிரைவலு தருகின்றன. நான்கு சக்கரங்களும் இயங்குகின்றன. மக்லாரனில் 3.8 லீற்றர் இரட்டை டேர்போ எஞ்சினும் ஒரு மோட்டாரும் சேர்ந்து 916. பெராரியில் 6.3 லீற்றர் வீ-12 எஞ்சின் தனியே 800, மோட்டாருடன் சேர்த்து 963. போர்ஷே 918 கார்களையும், மக்லாரன் 375 கார்களையும், பெராரி 499 கார்களையும் செய்தன. பெராரி பின்னர் ஒன்றை மேலதிகமாகச் செய்து, இத்தாலியப் பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2016 இல் 70 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் விற்றது. அது நற்செயல், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. போர்ஷே 2013 செப்டெம்பரில் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் வடக்குத் தடத்தில் மார்க் லீப் என்ற சாரதியைக் கொண்டு 6 நிமிடம் 57 செக்கனில் ஒரு சுற்றை முடித்து, அந்த நேரத்தை வெளியிட்டது. மக்லாரனும் அதே தடத்துக்குச் சென்றது. திரும்பி வந்து அவ்வாண்டின் இறுதியில் அது சொன்னது: "ஏழு நிமிடத்துக்குக் குறைவு." எவ்வளவு குறைவு? அதைச் சொல்லவில்லை. கடிகாரத்துடன் சென்று தடத்தைச் சுற்றியவர்களுக்கு நேரம் தெரியாமல் இருக்குமா? ஓட்டப் போட்டியில் ஓடிவிட்டு வந்த பிள்ளை, "நான் நல்லாத்தான் ஓடினனான்" என்று மட்டும் சொன்னால் தாய்க்கு விளங்காதா?

பெராரி அந்தத் தடத்து நேரம் எதையும் வெளியிடவே இல்லை. தனக்குச் சொந்தமான பியோரானோத் தடத்தில் 1 நிமிடம் 19.70 செக்கன் என்றது. முன்னைய என்சோ காரை விட ஐந்து செக்கன் விரைவு. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பியோரானோவில் போட்டி நிறுவனங்களின் கார்கள் வந்து ஓடுவதில்லை. வீட்டு முற்றத்தில் தனியே ஓடி முதலிடம் பெறுவதற்கு ஒப்பானது அது.

வெளியிடப்பட்ட நேரங்களிலும் நுணுக்கம் உண்டு. போர்ஷேயின் 6:57 என்பது 20.6 கிலோமீற்றர் சுற்றுக்கான நேரம். 2019 முதல் அந்தத் தடத்தின் நிர்வாகம் 20.832 கிலோமீற்றர் முழுச் சுற்றையே அதிகாரபூர்வமாக ஏற்கிறது. இந்த இருநூற்றுச் சொச்ச மீற்றர் எவ்வளவு பெறும் என்பதை மேர்சிடிஸ் ஏ.எம்.ஜி. வண் என்ற ஹைபிரிட் கார் காட்டியது. 2022 ஒக்டோபரில் அது ஓடிய ஒரே சுற்றில் முழுத் தூரத்துக்கு 6:35.183, குறுகிய தூரத்துக்கு 6:30.705. ஏறத்தாழ நாலரைச் செக்கன் வித்தியாசம். இதை அறியாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே அச்சிடும் சஞ்சிகைகள் இன்றும் உள்ளன. அறிந்துகொண்டே அச்சிடுபவையும் உண்டு என்று நினைக்கிறேன்.

எனது கோபம் கார் நிறுவனங்கள் மீது மட்டும் அல்ல. வியாபாரி தன் பண்டத்தைப் புகழ்வான். அது அவன் தொழில். அதை நிறுத்துப் பார்ப்பது எங்கள் தொழில். எண்பதுகளில் நான் உதவி ஆசிரியராக இருந்தபோது வாகன இறக்குமதி நிறுவனம் ஒன்று பத்திரிகையாளர்களை ஹோட்டலுக்கு அழைத்தது. மதிய உணவு, கையில் ஓர் உறை, உறைக்குள் தட்டச்சுச் செய்யப்பட்ட நான்கு பக்கங்கள். வாகனத்தை எவரும் ஓட்டவில்லை. மறுநாள் அந்த நான்கு பக்கங்களும் சொல் மாறாமல் எங்கள் பத்திரிகையில் செய்தியாக வந்தன. மொழிபெயர்த்தவன் நானே. ஆகவே இதை எழுதும்போது என்னை ஒதுக்கி வைத்துக்கொண்டு எழுதவில்லை.

இந்த வழக்கத்தை உள்ளிருந்தே உடைத்தவர் ஒருவர் உண்டு. கிறிஸ் ஹரிஸ் என்ற பிரித்தானிய மோட்டார் ஊடகவியலாளர் 2011 பெப்ரவரியில் எழுதிய கட்டுரையில், பெராரி தன் கார்களைப் பரீட்சிக்கும் சஞ்சிகைகளிடம் எந்தத் தடத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அந்தத் தடத்துக்கேற்பக் காரைச் சீர்செய்கிறது என்றார். நேர்கோட்டு வேகத்துக்கு ஒரு கார், வளைவுகளுக்கு வேறொரு கார் என்று இரண்டைக் கொடுத்ததும் உண்டு என்றார். அதன்பின் சில காலம் பெராரியின் கார்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. மற்றைய எழுத்தாளர்களுக்கு அதுவே போதிய பாடமாயிற்று. காரைத் தருபவன் கதவை மூடிவிட்டால் அடுத்த இதழில் எழுத எதுவும் இல்லை.

அந்தப் பிற்பகல் ஒருநாள் வரத்தான் செய்தது. 2016 நவம்பரில் வெளியான 'த கிராண்ட் ரூர்' நிகழ்ச்சியின் முதல் அத்தியாயத்தில், போர்த்துக்கல்லின் போர்த்திமாவோத் தடத்தில் மூன்று கார்களையும் முன்னாள் போர்முலா வண் சாரதி ஜெரோம் டம்புரோசியோ ஓட்டினார். ஒரே தடம், ஒரே சாரதி. போர்ஷே வென்றது. மக்லாரன் தோற்றால் என் வீட்டையே இடிக்கலாம் என்று பந்தயம் கட்டியிருந்த ஜெரமி கிளார்க்சன் வீட்டை இழந்தார். (இடிப்பதென்று அவர் முன்பே எண்ணியிருந்த வீடுதான் அது, அந்த மனிதரிடம் எதையும் முழுதாக நம்பக்கூடாது.) முறை சரியானது. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். அந்தக் காட்சியை உலகம் பார்த்தபோது மூன்று கார்களும் விற்றுத் தீர்ந்திருந்தன. வாங்க எண்ணியவருக்கு உதவக்கூடிய பரீட்சை, வாங்குவதற்கு எதுவும் எஞ்சியிராத நாளில், கேளிக்கை வடிவில் வந்தது.

தடத்தை விட்டு வீதிக்கு வருவோம். இங்கேதான் 'ஹைபிரிட்' என்ற சொல்லின் விளையாட்டு முழுதாகத் தெரிகிறது. கொழும்பில் ஹைபிரிட் என்றால் பிரியஸ், அக்வா. எரிபொருட் செலவுக்குப் பயந்து வாங்குவது. 918 ஸ்பைடருக்கு ஐரோப்பியப் பரீட்சை கொடுத்த எண் 100 கிலோமீற்றருக்கு 3.1 லீற்றர். எண்ணூற்றெண்பது குதிரைவலுக் கார், சிறிய ஹைபிரிட் ஒன்றைவிடக் குறைவாகக் குடிக்கிறதாம்! அக்காலப் பரீட்சையின் சூத்திரம் இது: முழுதாக மின்னேற்றிய பற்றரியுடன் ஓடும் தூரத்தை எடுத்து, பற்றரி தீர்ந்தபின் 25 கிலோமீற்றர் மட்டுமே ஓடுவதாகக் கொண்டு, இரண்டையும் சராசரி காண்பது. பற்றரியால் ஓடிய தூரத்துக்குப் பெற்றோற் கணக்கில் பூச்சியம். இருபத்தைந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று மின்னேற்றும் 918 உரிமையாளர் எந்த ஊரில் இருக்கிறார்? அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் அதே காரைப் பற்றரி உதவியின்றி அளந்தபோது கலனுக்கு 22 மைல் கிடைத்தது. அதாவது 100 கிலோமீற்றருக்கு 10 லீற்றருக்கு மேல். மின்சாரத்தில் மட்டும் ஓடக்கூடிய தூரம் 12 மைல்.

இந்த ஓரிடத்தில் பெராரியைப் பாராட்டுவேன். லாபெராரியைச் சுவரில் செருகி மின்னேற்ற முடியாது. மின்சாரத்தில் மட்டும் ஓடவும் முடியாது. அதன் மோட்டார் வேகத்துக்கானது, கரியமில வாயு கிலோமீற்றருக்கு 330 கிராம். சூழலைக் காக்க வந்தேன் என்று அது வேடம் போடவில்லை. மக்லாரனுக்குச் சொல்லப்பட்ட எண் 194 கிராம். அதுவும் போர்ஷே எண்ணுக்கான அதே சூத்திரத்தால் வந்தது.

வேகம் பற்றியும் ஒன்று. 918 இன் சுக்கானில் 'ஹொட் லாப்' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பற்றரியின் கடைசிச் சேமிப்பும் பிழிந்தெடுக்கப்பட்டு ஓரிரு சுற்றுகளுக்கு முழு வலுவும் கிடைக்கும். மக்லாரனின் பந்தய நிலையில் கார் 50 மில்லிமீற்றர் தாழ்ந்து, பின்னிறகு 300 மில்லிமீற்றர் எழும். அந்த நிலை வீதிக்குரியதல்ல. ஆக, நாம் வாசிக்கும் சாதனை நேரங்கள் ஒரு சுற்றுக்கான நேரங்கள். ஐந்தாவது சுற்றில், பற்றரி சோர்ந்தபின், ரயர் கொதித்தபின் எது முன்னே வரும்? அந்த எண்ணை எந்த நிறுவனமும் விளம்பரத்தில் போடவில்லை. ரயர்களும் ஒன்றல்ல: போர்ஷேக்கு மிஷெலின், மற்ற இரண்டுக்கும் பிரெல்லி. சில செக்கன்களுக்கு அதுவே போதும்.

இவை கலைப்படைப்புகள், சிற்பத்தை நிறுத்துப் பார்ப்பாரா என்று சிலர் கேட்பார்கள். கலை என்று விற்றிருந்தால் நானும் பேசாதிருப்பேன். செக்கனையும் குதிரைவலுவையும் கிலோகிராமையும் சொல்லி விற்றவர்கள், தராசைக் கொண்டுவா என்றவுடன் கலைஞர்களாக மாறுவதுதான் பொறுக்கவில்லை.

மருமகனுக்கு இறுதியில் என் தீர்ப்பைச் சொன்னேன். எது வேகமானது என்பதற்கான தீர்ப்பு அல்ல அது. பொதுத் தடத்தில் ஓடி, சாரதியின் பெயரையும் நேரத்தையும் நாளையும் சொன்னது மூன்றில் போர்ஷே ஒன்றுதான். பெற்றோற் கணக்கில் அது காட்டிய வேடிக்கையை மன்னிக்காமலே, தடத்தில் அதற்கு முதலிடம் கொடுக்கிறேன். மற்ற இரண்டும் பரீட்சை மண்டபத்துக்கு வராதவை. வராதவருக்கு எப்படிப் புள்ளி போடுவது?

"அது பழங்கதை மாமா, இப்ப புதுசு வந்திட்டுது" என்றான் அவன். வந்துதான் இருக்கிறது. 2024 ஒக்டோபரில், இரு கிழமைகளுக்குள், மக்லாரன் டபிள்யூ-1 காரையும் பெராரி எப்-80 காரையும் அறிவித்தன. இரண்டும் ஹைபிரிட், ஒன்று 1275 குதிரைவலு, மற்றையது 1200. எப்-80 தன் நிறுவனத்தின் பியோரானோவில் 1 நிமிடம் 15.30 செக்கனில் சுற்றியதாம். டபிள்யூ-1, இத்தாலியின் நார்தோத் தடத்தில், மக்லாரனின் சென்னா காரை விட மூன்று செக்கன் விரைவாம். சென்னாவுக்கு அங்கே எத்தனை செக்கன் என்று கேட்டான் மருமகன். அறிவிப்பைத் திரும்ப வாசித்துப் பார் என்றேன். தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்த நார்தோத் தடம் 2012 முதல் போர்ஷேக்குச் சொந்தமானது என்பதை நான் சொன்னபோது இன்னும் பலமாகச் சிரித்தான்.