சந்தையா, குலுக்கலா?

போன வாரம் தம்பி மகன் வந்தான். "பெரியப்பா, ரெண்டரை லட்சம் கொடுங்க. ஒரு எஸ்.எம்.இ. ஐ.பி.ஓ. போடணும். பத்து நாள்ல திருப்பித் தர்றேன்" என்றான். அந்தக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது. டெலிகிராம்ல நல்லா சொல்றாங்க" என்றான். எனக்கு வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பங்குச் சந்தைக்கு 'பூர்ஸ்' என்று பெயர். பணப்பைக்கும் அதே சொல்தான். ஏழைப் பையன்களுக்குத் தரும் உதவித்தொகைக்கும் அதே சொல்தான். வளரும் கம்பெனிகளுக்கான சந்தை இந்த மூன்றாவது பொருளில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

2012-ல் பி.எஸ்.இ.யும் என்.எஸ்.இ.யும் இதற்கென்று தனி மேடை திறந்தன. வெளியீட்டுக்குப் பின் மூலதனம் 25 கோடிக்கு மேல் போகக்கூடாது. வாங்க விற்க ஆள் இல்லாமல் போகாதபடி மூன்று வருடம் 'மார்க்கெட் மேக்கர்' ஒருவர் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பங்காக வாங்கவோ விற்கவோ முடியாது, லாட் கணக்குதான். நோக்கம் நல்லதே. நம் சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர் பத்துத் தறி கூடுதலாகப் போட வங்கிக் கடனையே நம்பியிருக்க வேண்டுமா என்ன?

ஆனால் நடந்தது என்ன? 2024 ஆகஸ்டில் டெல்லியில் ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் என்ற கம்பெனி வந்தது. இரண்டு பைக் ஷோரூம், எட்டு ஊழியர்கள். கேட்டது சுமார் 12 கோடி. வந்த விண்ணப்பமோ 4,700 கோடிக்கு மேல்! நானூறு பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைக்கும் பொருளுக்குப் பெயர் முதலீடு அல்ல, குலுக்கல்.

இதில் நான் பையன்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகளின் ஆவணத்தை செபி படித்துக் கருத்துச் சொல்கிறது. சின்ன கம்பெனிகளுக்கு அந்த வேலையைச் சந்தையிடமே விட்டுவிட்டது. பட்டியலிடக் கட்டணம் வாங்குகிறவரே தகுதியையும் பார்க்கிறார்! நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். பில் எழுதியவன் கையாலேயே அதை பாஸ் பண்ண எங்களை ஒருநாளும் விட்டதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு இருந்த அந்தக் கட்டுப்பாடு கோடிகளுக்கு வேண்டாமா?

2024 டிசம்பரில் செபி விதிகளை இறுக்கியது. மூன்றில் இரண்டு வருடமாவது ஒரு கோடி செயல்பாட்டு லாபம் வேண்டும். பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்பது வெளியீட்டில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இவை சரி. ஆனால் விண்ணப்பத் தொகையை இரண்டு லட்சத்துக்கு மேல் உயர்த்தியதும் பாதுகாப்பு என்கிறார்கள். வேலி உயர்ந்ததால் பையன்கள் திரும்பிப் போகவில்லை, கடன் வாங்கி ஏறிக் குதிக்கிறார்கள். என் வீட்டு வாசலிலேயே பார்த்தேனே!

பணம் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. "அந்தக் கம்பெனியின் ஆவணத்தைப் படி. யாரிடம் சரக்கு வாங்குகிறது, யாருக்கு விற்கிறது, இந்தப் பணத்தை என்ன செய்யப் போகிறது, மூன்றையும் சொல். தருகிறேன்" என்றேன்.

இன்னும் வரவில்லை.