களைக்கொத்தும் களைக்கொல்லியும்

கம்பராமாயணத்தின் நாட்டுப்படலத்தில் கோசல நாட்டு உழவர்கள் களை பறிக்காமல் வயலில் உலவிக்கொண்டிருப்பார்கள். அங்கே முளைத்த களைகள் தம் பெண்களின் கண்ணையும் முகத்தையும் வாயையும் ஒத்திருப்பதால் பறிக்கக் கை வரவில்லை. (கள் மயக்கத்தையும் கம்பர் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.) உவமைகளை வைத்துப் பார்த்தால் அக்களைகள் தாமரையும் குவளையும் ஆம்பலும்தாம். உயர்வு நவிற்சி என்று வகுப்பில் கடந்துவிடும் இப்பாடலுக்குள் உழவனின் கணக்கு ஒன்று இருக்கிறது: நெல்லுக்கு நடுவே நின்றால் தாமரையும் களையே.

இந்தக் கணக்கு நம் வீட்டுத் தோட்டங்களில் தலைகீழாகிவிட்டது. தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை எதற்கும் இடையூறாக இல்லாத மூலையில் நின்றாலும் களைதான். ஆய்வுக் குழு வருகிறது என்றால் எங்கள் கல்லூரி வளாகத்தில் முதலில் வருவது மருந்துத் தெளிப்பான். மருந்தென்றே சொல்கிறோம், கொல்லி என்று சொல்வதில்லை. ஒரு வாரத்தில் தரை முழுதும் பழுப்பாகிறது. அதற்குப் பெயர் தூய்மையாம்.

1974இல் சந்தைக்கு வந்த கிளைபோசேட், இலை வழியே புகுந்து வேர் வரை இறங்கிச் செடிக்குத் தேவையான அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் இதனைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதனை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் இந்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாகவன்றி இதனைப் பயன்படுத்தலாகாது என ஆணையிட்டது. அறிஞர்களின் வழக்கு முடியட்டும். நாலு சென்ட் தோட்டத்துக்கு அந்த வழக்கில் கட்சிக்காரராக வேண்டிய அவசியம் என்ன என்பதே என் கேள்வி.

இயற்கை அன்பர்களோடும் எனக்குப் பிணக்கு உண்டு. வினிகரில் உப்பைக் கரைத்துத் தெளியுங்கள் என்று ஒரு குறிப்பு ஊரெங்கும் சுற்றுகிறது. சமையலறை வினிகர் இலையைக் கருக்குமேயன்றி வேரைத் தொடாது. உப்போ மண்ணிலேயே தங்கி, நாளை நீங்கள் நட விரும்பும் கத்தரியையும் சேர்த்துக் கெடுக்கும். கடையில் வாங்கவில்லை என்பதற்காக அது இயற்கை ஆகிவிடாது.

உண்மையான வழி மூடாக்கு. வைக்கோல், சருகு, தென்னை மட்டை, எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்கு மண்ணை மூடினால் வெளிச்சம் படாத விதைகளில் பெரும்பாலானவை முளைப்பதில்லை. செடியின் தண்டை மட்டும் தொடாமல் விட வேண்டும். ஜப்பானின் ஃபுகுவோகா 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யில் வற்புறுத்தியதும் இதுதான்: களையை ஒழிக்க வேண்டியதில்லை, அடக்கி வைத்தால் போதும்.

கோரை மட்டும் இதற்கு அடங்காது. அதன் கூர்முளை பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்து மேலே வரும். மண்ணுக்கடியில் கிழங்குகள் சங்கிலிபோலக் கோத்துக் கிடக்க, ஒருமுறை வெட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் அறுந்த கிழங்கு ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். விடாமல் வெட்ட வேண்டும். நாலைந்து இலை விட்டதும் வெட்டினால், அந்த இலைக்காகக் கிழங்கு செலவிட்ட சேமிப்பு திரும்பி வருவதில்லை. கோரையின் பலவீனம் நிழல். சர்க்கரைவள்ளியையோ தட்டைப்பயற்றையோ நெருக்கி வளர்த்துவிட்டால் அதன் கீழே கோரை சோர்ந்துபோகும். சித்திரை வெயிலில் நனைத்த மண்ணின்மேல் கண்ணாடித்தாள் போன்ற பாலித்தீனை ஒரு மாதம் இழுத்துக் கட்டி வைப்பதும் உண்டு. இது சிறுவிதைக் களைகளுக்கு எமன், கோரைக் கிழங்குக்கு அத்தனை இல்லை.

இதற்கெல்லாம் உடலுழைப்பு வேண்டும். வயலில் நாளெல்லாம் குனிந்து களையெடுத்து இடுப்பொடிந்த பெண்களிடம் போய் கொல்லி வேண்டாம் என்று உபதேசிக்க எனக்குத் துணிவில்லை. அவர்களுக்கு நல்ல கூலியும் நின்றபடி தள்ளும் களைக்கருவியும்தான் விடை. ஆனால் வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்தச் சாக்கு இல்லை. மழை பெய்த மறுநாள் காலை அரைமணி நேரம், கையில் ஒரு களைக்கொத்து. ஈர மண்ணில் வேரோடு வரும்.

பார்த்தீனியத்தைப் பிடுங்கும்போது மட்டும் கையுறை வேண்டும்; அதன் ஒவ்வாமை தோலைப் படுத்திவிடும். பூப்பதற்கு முன்பே பிடுங்குவது நலம். அதைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூருவில் விடப்பட்டுப் பிறகு நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. மழைக்காலத்தில் சாலையோரப் பார்த்தீனிய இலைகள் சல்லடையாகக் கிடந்தால் தெளிப்பானைத் தேடாமல் அந்த வண்டுக்கு வழிவிடலாம்.