யார் கேட்கும் குறி?

மாணவி பையில் டாரட் சீட்டுக்கட்டு இருந்தால் தமிழ் ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். மூடநம்பிக்கையாம், மேல்நாட்டு மோகமாம். சிரித்த கையோடு திருக்குற்றாலக் குறவஞ்சி நடத்தப் போகிறார்கள்.

திரிகூடராசப்பக் கவிராயரின் வசந்தவல்லி தானே குறி கேட்கிறாள். சிங்கி அவள் காமத்தைச் சொன்னதும், கன்னியைக் காமி என்பதா என்று சீறுகிறாள். அதற்கப்புறம்தான் சிங்கியின் வாயில் குற்றாலநாதர் பேர் வருகிறது. அவள் நெஞ்சில் கிடந்ததை இன்னொருத்தியின் வாய் சொல்கிறது.

சங்க அகப்பாடல்களில் குறி கேட்பவள் தாய். மகள் மெலிந்தால் கட்டுவிச்சி முறத்தில் நெல் பரப்பிப் பார்ப்பாள். முருகு என்று வரும். வேலன் வெறியாடுவான், ஆட்டுக்குட்டி சாகும். மெலிந்தவளை யாரும் கேட்பதில்லை. குறுந்தொகை 23இல் ஔவையாரின் தோழிதான், அவன் குன்றைப் பாடிய பாட்டை மறுபடி பாடச் சொல்லி உண்மையை உடைக்கிறாள்.

78 அட்டைகளுக்கு எதிர்காலம் தெரியாது. 1909இல் லண்டனில் வந்த புகழ்பெற்ற கட்டை ரைடர்-வெயிட் என்பார்கள். ரைடர் பதிப்பகம், வெயிட் எழுத்தாளர். படம் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் பேரையே கட்டு அறியவில்லை, நம் விதியையா அறியும்?

ஆனால் பெண்ணைக் கேட்காமல் பத்துப் பொருத்தம் பார்க்கும்போது இவர்கள் சிரிப்பதில்லையே. பாளையங்கோட்டை விடுதியறையில் ஒருத்தி சீட்டைப் புரட்டி, "இந்தப் படத்தைப் பாத்தா எனக்கு ஏன்டி அழுகை வருது?" என்று தோழியிடம் கேட்கிறாள். கேள்வி அவளுடையது. காசு வாங்கிக்கொண்டு விடை சொல்கிறவனிடம் அந்தக் கட்டைக் கொடுத்துவிடாதே என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.