சுவத்து யானையைப் பார்த்து ஏமாறாதீங்க

மாடு வாங்கப் போனா கொம்புல அடிச்ச பெயிண்டைப் பார்த்தா விலை பேசுறோம்? பல்லைப் பிடிச்சுப் பாக்குறோம், ஒரு வேளை கறந்து பாக்குறோம், கிட்டப் போனா மிரளுதான்னு பாக்குறோம். ஆனா பெத்த பிள்ளையைப் பகல் முழுக்க விட்டுட்டுப் போற இடத்தை, சுவத்துல வரைஞ்ச யானையையும் கரடியையும் பார்த்து முடிவு பண்றோம். இது எனக்குச் சரியாப் படலை.

என் மகள் சென்னையில் வேலைக்குப் போகிறாள். பேரனுக்கு ரெண்டரை வயசு. நாலு காப்பகத்தோட படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எது நல்லாருக்குப்பா?"ன்னு கேட்டாள். "படத்துல ஒண்ணும் தெரியாதும்மா, சோறு போடுற நேரத்துக்குச் சொல்லாம போய் நில்லு"ன்னேன்.

முதல்ல அடுப்படியையும் படிக்கட்டையும் பாருங்க. எங்க கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் 94 பிள்ளைங்களைத் தீக்குக் குடுத்தோம். சமையல்கூடத்துல பிடிச்ச தீ கீத்துக் கூரைக்குத் தாவுச்சு. மாடியில் இருந்த பிள்ளைங்க இறங்கி ஓட குறுகலான படிக்கட்டுதான். அதனால கூரை என்ன, அடுப்பு எங்க, வெளியேற எத்தனை வழின்னு கேக்குறதுக்கு வெக்கப்படாதீங்க.

அடுத்தது தண்ணி. கிணத்தடியில் வளர்ந்த எங்களுக்கு இந்தப் பயம் எப்பவும் உண்டு. தரைத்தொட்டிக்கு மூடி இருக்கா, பூட்டி இருக்கா? குளியலறையில் வாளி நிறைய தண்ணி நிக்குதா? தவழுற பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணியே போதும்.

மூணாவது ஆளு. முதலாளியம்மாகிட்ட பேசி என்ன ஆகப்போகுது? பிள்ளைக்குக் கால் கழுவி விடுற ஆயாகிட்ட பேசுங்க. எத்தனை வருஷமா இருக்காங்க, எத்தனை பிள்ளைங்களை ஒருத்தர் பாக்குறாங்க? அடிக்கடி ஆள் மாறுதுன்னா ஏதோ கோளாறு. கேமரா இருக்குன்னு பெருமையா சொல்வாங்க. கேமரா விழுந்த பிள்ளையைத் தூக்காது.

எங்க ஊர் பால்வாடியில் கலர் நாற்காலி இல்லை. ஒரு டீச்சர், ஒரு ஆயா. கணக்கெடுப்பு, மீட்டிங்னு டீச்சரைக் கூப்பிட்டுட்டா ஆயா ஒருத்தர்தான். அந்தக் குறையை மறைக்கலை. ஆனா 1975-ல் ஆரம்பிச்ச திட்டம், 1982-லேருந்து மத்தியானம் சுடுசோறு, வாரத்துக்கு மூணு முட்டை, மாசாமாசம் எடை. அதைவிட முக்கியம், வாசல் எப்பவும் திறந்திருக்கும். வயலுக்குப் போறவங்க எட்டிப் பாப்பாங்க, கிழவிங்க திண்ணையில் உக்காந்து கவனிப்பாங்க. நாலு பேர் கண்ணு படுற இடத்துல பிள்ளையை அடிக்கவும் யோசிப்பாங்க, பட்டினி போடவும் யோசிப்பாங்க.

அங்கன்வாடி பட்டணத்துலயும் இருக்கு. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நடை போய்ப் பாருங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற ஆபீஸ்ல குழந்தைக் காப்பக வசதி இருக்கணும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பாக்கலாம்னு 2017-லேயே சட்டத்துல சேர்த்தாச்சு. உங்க ஆபீஸ்ல கேளுங்க. ஒருத்தர் கேட்டா முறைப்பாங்க, பத்துப் பேர் சேர்ந்து கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

எங்க போனாலும் ஒரு கேள்வியை விடாதீங்க: "முன்கூட்டிச் சொல்லாம எப்ப வேணா வந்து பாக்கலாமா?" "சனிக்கிழமை மட்டும் வாங்க"ன்னு பதில் வந்தா, சுவத்துல எத்தனை யானை இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிட்டு அடுத்த இடத்துக்கு நடையைக் கட்டுங்க.