திறவுகோல் யார் கையில்?



ஆவடியை அடுத்த எம் வெள்ளானூர்ப் பக்கத்திலும், மாணவர் மதிப்பெண் முதல் மக்கள் பெயர்ப்பட்டி வரை எல்லாம் கணினிக்குள் புகுந்துவிட்டன. சர்வர் என்று பலரும் சொல்லும் வழங்கியே இன்று நம் ஏட்டுப் பேழை. பழைய பேழையின் திறவுகோல் யாரிடம் உள்ளதென அனைவரும் அறிவர். வழங்கியின் திறவுகோலாகிய கடவுச்சொல்லோ, பல அலுவலகங்களில் சுவரொட்டியாகத் தொங்குகின்றது! மேலாளரின் கடவுச்சொல்லை எழுத்தரும் அறிவார். பழுது பார்க்க வந்தவரும் அறிவார். பணிவிட்டுப் போனவரும் அறிவார். நாளை ஒரு மாணவனின் மதிப்பெண் மாறினால், மாற்றியவர் யாரெனக் காண்பது எங்ஙனம்? பதிவில் மேலாளர் பெயரன்றோ நிற்கும்!

யூனிக்சு வழிவந்த இயங்குதளங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழுவினர், ஏனையோர் என முத்திறத்தாரை வகுக்கின்றன. படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூவுரிமைகளையும் தனித்தனியே அளிக்கின்றன. எல்லாம் வல்ல கணக்கிற்கு அங்கே 'ரூட்' என்று பெயர். வேர் என்பது பொருள். அதனை எல்லார்க்கும் அளித்தல், வேரில் வெந்நீர் ஊற்றுவதேயாம்.

ஆளின் தகுதி நோக்கியன்று, பணி நோக்கியே உரிமை அளித்தல் வேண்டும். காண்பவர், பதிபவர், திருத்துபவர், மேலாளர் எனத் தமிழிலேயே பெயரிட்டுப் பிரித்துப் பாருங்கள். யார்க்கு எது வேண்டும் என்பது தானே விளங்கும். வகுப்பாசிரியர்க்குத் தம் வகுப்பின் ஏடு போதும். பணி முடிந்த அன்றே உரிமையும் முடிதல் வேண்டும்.

இந்நெறி நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரிக்கும் தோட்டத்திற்கும் பொன்னுக்கும் வெவ்வேறு வாரியங்கள் வகுத்தன. 360 நாளில் பொறுப்பு முடியும்; கணக்குக் காட்டாதவர்க்கு மீண்டும் இடமில்லை. அவ்வவை எல்லார்க்கும் திறந்ததன்று; அக்குறையைத் தள்ளி, எல்லையிட்ட பொறுப்பு என்னும் நெறியைக் கொள்வோம்.

"என்னை நம்பவில்லையா?" என்று சிலர் சினப்பர். ஐயா, எல்லை இழிவன்று, அரண். திருத்தும் உரிமை இல்லாதார்மேல் திருத்திய பழி விழாது. மேலாளரும் அன்றாட வேலைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, வேருரிமையைத் தேவைப்படும்போது மட்டும் எடுப்பாராக.

ஆகவே, சுவரில் தொங்கும் கடவுச்சொல்லை இன்றே கிழித்தெறியுங்கள். எல்லார்க்கும் தெரிந்த அச்சொல்லையும் மாற்றுங்கள். ஒருவர்க்கு ஒரு கணக்கு, பணிக்குத் தக்க உரிமை: இதுவே நம் பிள்ளைகளின் ஏட்டிற்குக் காப்பு!