அகர விசை

நெடுநாள் பழகிய கருவியை முற்றும் அறிந்துளோம் என்று எண்ணுதல் எளிது, அறிந்திருத்தல் அரிது. இவ்வுண்மையை யான் உணர்ந்த வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

ஓசூரில் எம் தெருவினர் பலர் தொழிற்சாலைகளிற் பணிபுரிவோர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் அவர்கட்குத் தமிழில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் நான்காண்டாக என் வழக்கம். கணினியில் தமிழ் 99 விசைப்பலகையால் எழுதுவேன். புள்ளிகளையெல்லாம் யானே தட்டுவேன். ஆயினும் "வந்தது" என எழுதின் "வந்த்து" எனத் தோன்றும். "இருந்தது" என்பது "இருந்த்து" ஆகும். மென்பொருளின் குற்றமென நொந்து, அழித்தழித்துத் திருத்துவேன். ஒருநாள் திருத்த மறந்தேன். அவ்விண்ணப்பத்தைப் பெற்ற அலுவலர் ஒருவர் அதனை உரக்கப் படித்து நகைத்தாராம். நகைப்புக்கு ஆளானவர் எழுதிய யான் அல்லேன், கொண்டுசென்ற தொழிலாளியே.

இவ்வாண்டு நன்னூலின் மெய்ம்மயக்கம் பயின்றபொழுது ஓர் ஐயம் எழுந்தது. விசைப்பலகையின் விளக்கத்தை முதன்முறையாகப் படித்தேன். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின்பின் தமிழ்நாட்டரசு ஏற்ற அப்பலகை, நம் இலக்கணத்தையே உட்கொண்டு அமைந்தது. ஒரே மெய்யை இருமுறை தட்டின் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். இஃது உடனிலை மயக்கம். ங க, ஞ ச, ண ட, ந த, ம ப, ன ற என மெல்லினத்தை அடுத்து அதன் இனவல்லினம் வரினும் அவ்வாறே. ஆதலின் "தங்கம்", "அம்மா" என்பவற்றின் இடையே புள்ளி தட்டவேண்டுவதில்லை. "வந்தது" என்பதிலோ தகர உயிர்மெய் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். அவற்றை இரட்டித்த மெய்யெனப் பலகை கருதிவிடும். முன்னைத் தகரத்தின்பின் அகர விசையைத் தட்டின் இடர் தீர்ந்தது. அவ்வொரு விசை நான்காண்டும் என் இடக்கைச் சிறுவிரலின் கீழேயே கிடந்தது!

ய, ர, ழ என்பவற்றின் பின்னன்றி ஈரொற்று உடனில்லா என்பது நன்னூலார் விதி. எனவே "ந்த்து" என்பது தமிழாகாது. இலக்கணத்தைத் தேர்வுக்கெனக் கற்றேன். கருவியை வேலைக்கெனக் கொண்டேன். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினேன் அல்லேன்.

உரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கினாற் போதாதோ என்பர் நண்பர் சிலர். வேலை முடியும் என்பது மெய்யே. ஆயினும் தமிழெழுத்து ஒன்றோடொன்று கூடும் இயல்பை விரல்கள் அறியும் வாய்ப்பு அதில் இல்லை.

மாணவ நண்பர்காள், கைப்பழக்கத்தை அறிவென்று மயங்கற்க. நாடோறும் ஆளும் மென்பொருளின் விளக்கத்தை ஒருமுறையேனும் படியுங்கள். நம் எழுத்தை நம்பி அலுவலகம் செல்வோர்க்கு நாம் செலுத்தவேண்டிய சிறு கடன் அது.